நல்லி யாருக்கு?

ஸ்டேக் சாப்பிடலாம்னு கூரத்துக்கு பஸ் ஏறினீங்கன்னா, பசியோடதான் திரும்புவீங்க. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். வயல், பல்லவர் காலத்து சிவன் கோயில் ஒண்ணு, பெருமாள் கோயில் ஒண்ணு. ‘மீடியம் ரேர்’னு வாயைத் திறந்தா, யாராவது ‘எந்த பஸ்ஸுக்குப்பா நிக்கிற?’னு அக்கறையா விசாரிப்பாங்க. அவ்வளவுதான்.

ஆனாலும் ஸ்டேக் பத்தி எழுதணும்னா நான் கூரத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். காரணம் இருக்கு, சொல்றேன்.

எங்க ஹாஸ்டல்ல ராத்திரி 11 மணிக்கு மேல ஒரு கச்சேரி நடக்கும். ஒரே ஒரு செல்போன், அதைச் சுத்தி ஆறு தலை. திரையில யாரோ ஒரு வெள்ளைக்காரர் உள்ளங்கை கனத்துக்கு ஒரு கறித்துண்டை இரும்புச் சட்டியில போட்டு, வெண்ணெயை அள்ளி அள்ளி மேல ஊத்திக்கிட்டு இருப்பார். ‘ரிப் ஐதான்டா கெத்து!’, ‘போடா, டெண்டர்லாயின் வாயில வெச்சா கரையும்!’னு சண்டை நடக்கும். இதுல காமெடி என்னன்னா, அந்த ஆறு பேர்ல ஒருத்தன்கூட ஸ்டேக் சாப்பிட்டதில்லை. மெஸ்ல அன்னைக்கு சேமியா உப்புமா.

அப்ப ஒருத்தன் சாதாரணமா கேட்டான்: “சரி மச்சி, போன ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக் குழம்புல இருந்தது ஆட்டுல எந்த இடத்துக் கறி?”

நிசப்தம்! அர்ஜென்டினா மாட்டோட முதுகெலும்பு வரைக்கும் மனப்பாடம். நம்ம தட்டுல கிடந்த துண்டு தொடையா, முன்சந்தா, கழுத்தா... யாருக்கும் தெரியலை. ‘மட்டன்டா. அவ்ளோதான்.’

அந்தக் கேள்விதான் என்னை ஒரு சனி, ஞாயிறு காஞ்சிபுரம் பக்கம் கிளப்பி விட்டது. சனிக்கிழமை கூரம், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை.

கூரத்து சிவன் கோயில் சின்னது. ஆனா விஷயம் பெருசு. கட்டினவர் முதலாம் பரமேஸ்வரவர்மன், 7-ம் நூற்றாண்டுப் பல்லவ ராஜா. பெருவளநல்லூர்ப் போரில் சாளுக்கிய விக்கிரமாதித்தனை விரட்டியவர். கருவறையின் பின்பக்கம் வளைஞ்சு இருக்கும்; இதுக்குத் ‘தூங்கானை மாடம்’னு பேர். படுத்திருக்கிற யானையோட பின்பக்கம் மாதிரி! (இந்தப் பெயரைக் கண்டுபிடிச்ச ஆள் நம்ம ஹாஸ்டல்ல இருந்திருக்க வேண்டியவர்.) ஒரு முழங்காலை மடக்கித் தூக்கி ஆடுற, பல்லவர் காலத்துச் செப்புத் திருமேனியான கூரத்து நடராஜர் இப்ப எழும்பூர் மியூசியத்துல இருக்கார். சென்னையில படிக்கிறவங்க ஒரு மத்தியானம் கிளாஸை கட் அடிச்சா பார்த்துட்டு வந்துடலாம்.

நம்ம கதைக்கு வேண்டியது இந்த ஊர் பேரிலேயே இருக்கிற கூரம் செப்பேடு. சமஸ்கிருதமும் தமிழும் கலந்து எழுதினது. கோயிலுக்காக ஒரு ஊரைக் கொடுத்துட்டு, அதோட வருமானத்தைப் பங்கு பங்காகப் பிரிக்கிறார் ராஜா. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுக்கிறதுக்கு ஒரு பங்கு. அதே மண்டபத்துல பாரதம் படிக்கிறதுக்கு ஒரு பங்கு. கதை சொல்றவனுக்கு எவ்வளவோ, குடம் தூக்கறவனுக்கும் அவ்வளவு! 1,300 வருஷத்துக்கு முன்னாடி, பங்கு போடுற விஷயத்தை யாரும் பின்னாடி பேச்சு மாத்த முடியாதபடி செம்புலயே வெட்டி வெச்சிருக்காங்க.

இதே ஊர்ல 11-ம் நூற்றாண்டுல பிறந்தவர் கூரத்தாழ்வான். ராமானுஜரோட முதன்மைச் சீடர். இங்கே ஆதிகேசவப் பெருமாள் கோயில்ல அவருக்குச் சன்னதி இருக்கு. பெரிய பணக்காரர், விடியறதிலிருந்து ராத்திரி வரைக்கும் வீட்டுல அன்னதானம் நடக்குமாம். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு சாத்துற கதவோட சத்தம் காஞ்சிபுரத்துல வரதராஜப் பெருமாள் கோயில் தாயாருக்கே கேட்டுச்சுன்னு வைணவர்கள் சொல்ற கதை ரொம்பப் பிரபலம். அப்புறம் அத்தனையையும் விட்டுட்டு ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே கிளம்பறார். காட்டு வழி. கூட வந்த மனைவி ஆண்டாள் பயப்படுறாங்க. ஏன்னு பார்த்தா, கணவர் சாப்பிட ஒரு பொன் வட்டிலை மட்டும் மறைச்சு எடுத்து வந்திருக்காங்க. அதை வாங்கித் தூக்கி எறிஞ்சுட்டு, ‘இனிமே பயமில்லை, வா’ங்கறார்.

அந்தப் பந்தியில கறி இருந்திருக்காது, கண்டிப்பா. ஆனா ‘யாருக்கு எவ்வளவு’ங்கற கேள்வியை இந்த ஊர் அளவுக்கு சீரியஸா எடுத்துக்கிட்ட ஊர்கள் கம்மி. அந்தக் கேள்வியோடதான் மறுநாள் கறிக்கடைக்குப் போனேன்.

ஞாயிறு காலை 6 மணி. காஞ்சிபுரத்துல ஒரு நெசவாளர் தெருவை ஒட்டின மட்டன் கடை. நடுவுல குழி விழுந்த புளியமரக் கட்டை, அது பின்னாடி பாய், கொக்கியில தலைகீழாத் தொங்குற ரெண்டு ஆடு. கூட்டம் இன்னும் சேரலை. சனிக்கிழமை ராத்திரியே ‘முன்சந்து முக்கால் கிலோ’னு சொல்லி வெச்சவங்க பை மட்டும் வரிசையில உட்கார்ந்திருக்கு. என் முறை வந்தது.

“என்னா தம்பி?”

“மட்டன் அரை கிலோ பாய்.”

“அது தெரியுது. எதுல?”

முழிச்சேன். பாய் கத்தியை கட்டையில நட்டுட்டு சிரிச்சார். “குழம்பா, வறுவலா, பிரியாணியா? அத்தச் சொன்னாத்தானே எதுல வெட்டறதுன்னு தெரியும்?”

அந்த ஒரு வரியில ஸ்டேக் புத்தகத்தோட முதல் பாடம் அடங்கிடுச்சு பாஸ். எந்த மிருகமா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். உழைச்ச சதை கடினம், சும்மா இருந்த சதை மெது. ஆடு நாள் முழுக்க நடக்குது, தலையைக் குனிஞ்சு மேயுது. அதனால காலும் கழுத்தும் கடினம். முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் ஒளிஞ்சிருக்கிற நீளச் சதைக்குப் பெரிசா வேலையே கிடையாது. ஹாஸ்டல்ல நாங்க சண்டை போட்ட டெண்டர்லாயின் அதுதான். நம்மூர் மாட்டுக்கறிக் கடையிலயும் ஹோட்டல்லயும் அதுக்கு ‘அண்டர்கட்’னு பேர். ஒரு மாட்டுக்கு ரெண்டே ரெண்டு. ஆட்டுலயும் இருக்கு, ஆனா கையில வெச்சா உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். அதைத் தனியா யார் கேட்கப் போறாங்க? முதுகுக்கறியோட முதுகுக்கறியா போயிடும்.

விலா எலும்போட ஒட்டின சதைதான் ரிப் ஐ. பாய் கடையில அதுக்குப் பேரு சாப்ஸ். முதுகெலும்பை குறுக்கே வெட்டினா, எலும்புக்கு ஒரு பக்கம் முதுகுச் சதை, மறுபக்கம் அண்டர்கட். அந்தத் துண்டு இங்கிலீஷ் ‘டி’ மாதிரி இருக்கும், அதான் டி-போன். நெஞ்செலும்பு இருக்கே, அது அமெரிக்காவுல பிரிஸ்கெட். டெக்சாஸ்காரங்க மாட்டு நெஞ்சுக்கறியை பன்னெண்டு மணி நேரத்துக்கும் மேல புகையில வேக வெச்சு, அதுக்கு க்யூவுல நிக்கறாங்க. இங்க நம்ம பாட்டி அதே இடத்துக் கறியை விறகு அடுப்புல ஏத்தி, முருங்கைக்காயும் போட்டு இறக்கியிருப்பாங்க. க்யூ எல்லாம் கிடையாது, சண்டை மட்டும்தான்.

கடினமான கறின்னா மட்டம்னு நினைச்சுடாதீங்க. கழுத்து, கால், நெஞ்சு எல்லாத்துலயும் சதையைச் சுத்தி வெள்ளையா ஜவ்வு இருக்கும். அதிகமா இருக்கிறது கொலாஜன். டக்குனு வறுத்தா ரப்பர். ஈரத்தோட, மெதுவா, நேரம் எடுத்து வேக வெச்சா அது ஜெலட்டினா உருகிடும். ஆட்டுக்கால் பாயா குடிச்ச பிறகு உதடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதே, அதேதான். அண்டர்கட்டை எத்தனை மணி நேரம் வேக வெச்சாலும் அந்த ஒட்டல் வராது, பஞ்சாப் போயிடும். ஆக, விலை உசந்த கறிக்கு அஞ்சு நிமிஷம் போதும். விலை குறைஞ்ச கறி நேரத்தைக் கேட்கும். காசு இருக்கிறவன் காசைக் கொடுக்கறான், இல்லாதவன் நேரத்தைக் கொடுக்கறான். ருசியில ரெண்டாவது ஆள்தான் ஜெயிக்கறான்ங்கறது என் கட்சி.

பின்னாடி நின்ன பெரியவர் ஒருத்தர் இதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தார். பட்டுத் தறிக்காரர். “இத்தக் கேளு தம்பி. தறியில பாவு இருக்குதில்ல, நீட்டுக்கு ஓடுற இழை? கறியிலயும் அப்படித்தான் ஓடும். உத்துப் பாரு,” என்று தொங்குற தொடையில விரலை ஓட்டிக் காட்டினார். “பாவு போற பக்கமே வெட்டிட்டா, வாயில நூல் நூலா இழுக்கும். ஊடை போற மாதிரி குறுக்கால வெட்டணும். பல்லுல பட்டாலே பிஞ்சுக்கும்.”

வெளிநாட்டு ஸ்டேக் புத்தகங்கள்ல படம் போட்டு அரைப் பக்கத்துக்கு விளக்கற விஷயம் இது. காஞ்சிபுரத்துல ரெண்டே வார்த்தை... பாவு, ஊடை!

அப்புறம் ஒரு விஷயம். ஸ்டேக்கை உள்ளே சிவப்பா அரைவேக்காட்டுல சாப்பிடற ஸ்டைலை நம்ம கறிக்கடைக் கறியில காட்டாதீங்க. மாடு வெட்டினதும் சில மணி நேரத்துல சதை விறைச்சுடும். குளிர்ல நாள் கணக்குல, சில இடங்கள்ல வாரக் கணக்குல தொங்க விட்டா, தனக்குள்ள இருக்கிற நொதிகளாலேயே அது தளரும். ஸ்டேக்குக்கு வர்ற கறி அந்த மாதிரி ஊறினது. நாம வாங்கறது காலையில வெட்டி, மத்தியானம் குழம்பாகிற கறி. விசில் போட்டுத்தான் ஆகணும்.

ஸ்டேக் ஆசை தீரணுமா? சாப்ஸ் வாங்குங்க. ஒரு விரல் கனத்துக்கு வெட்டச் சொல்லுங்க. உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு, ஒரு ஸ்பூன் அரைச்ச பப்பாளிக்காய். இந்தக் காய்ல இருக்கிற பப்பெய்ன் சதையைத் தளர்த்தும். அரை மணி நேரம் போதும், ராத்திரி பூரா ஊற வெச்சா கூழ்தான். தோசைக்கல்லைப் புகை வர்ற வரைக்கும் காய வெச்சு, கறியைத் துணியில ஒத்தி ஈரம் எடுத்துட்டுப் போடுங்க. சும்மா சும்மா கிளறாதீங்க! ஒரு பக்கம் நல்லா கறுஞ்சிவப்பா பிடிச்ச பிறகுதான் திருப்பணும். ரெண்டு பக்கமும் ஆனதும் தீயைக் குறைச்சு, மூடி போட்டு, எலும்பு ஓரத்துல ரத்தம் கசியாத வரைக்கும் வேகட்டும். இறக்கினதும் அஞ்சு நிமிஷம் தொடாதீங்க. உடனே வெட்டினா சாறு எல்லாம் தட்டுக்குப் போயிடும். தொட்டுக்க சின்ன வெங்காயம், எலுமிச்சை. முள்கரண்டி தேவையில்லை, எலும்புதான் பிடி.

நிஜமான ஸ்டேக் மாட்டுக்கறிதான், அதை மறைச்சுப் பேச வேண்டியதில்லை. சென்னை ரெஸ்டாரன்ட்ல எருமையோ காளையோ ‘டெண்டர்லாயின்’ங்கற பேர்ல வெள்ளைத் தட்டுல வந்தா யாருக்கும் கண் உறுத்தாது. அதே கறி பிரியாணி அண்டாவுல வந்தா மட்டும் பிரச்னை. 2022 மே மாசம் ஆம்பூர்ல அரசு சார்பில் பிரியாணித் திருவிழா அறிவிச்சாங்க. காஞ்சிபுரத்திலிருந்து அதே பெங்களூர் ஹைவேயில மேற்கே போனா ஆம்பூர். அங்கே பீஃப் பிரியாணி பல வருஷமா தெருவுக்குத் தெரு இருக்கு. ஆனா திருவிழா மெனுவுல பீஃப் இல்லை. எதிர்ப்பு கிளம்பினது, ஆதிதிராவிடர்-பழங்குடியினர் ஆணையம் கலெக்டர்கிட்ட விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளி வெச்சாங்க. அதுக்கு முன்னாடி 2017 மே மாசம், மாட்டுச் சந்தை விதிகளை எதிர்த்து சென்னை ஐ.ஐ.டி. வளாகத்துல மாணவர்கள் பீஃப் சாப்பிட்டாங்க. கலந்துக்கிட்ட ஒரு ஆராய்ச்சி மாணவர் கண்ணுல அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தட்டுல இருக்கிறது எந்தத் துண்டுங்கறதைவிட, யாரோட தட்டுங்கறதுதான் நம்ம நாட்டுல பெரிய கேள்வியா இருக்கு.

பாயை விட்டுட்டோம். “உங்க வீட்டுக்கு எதை எடுத்து வைப்பீங்க பாய்?”ன்னேன். “முன்சந்து தான். சதையும் இருக்கும், எலும்பும் இருக்கும், கொழுப்பும் ஓடியிருக்கும். இன்னா செஞ்சாலும் நல்லாருக்கும்,” என்றார். நான் போனப்ப கிலோ 800, 900னு போயிக்கிட்டிருந்தது. எல்லாராலயும் எடுக்க முடியுமா? முடியாதவங்களுக்கும் அந்தக் கடையில இடம் இருக்கு. சுவரொட்டி கேட்டு ஒரு அக்கா வந்தாங்க. ‘பொண்ணுக்கு ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க’ன்னாங்க. சுவரொட்டின்னா மண்ணீரல், கல்லுல போட்டு மிளகு தூவினா ரெண்டு நிமிஷம். ஒரு தாத்தா போட்டி வாங்கிட்டுப் போனார். குடலைத்தான் எங்க பக்கம் போட்டிம்பாங்க. சுண்ணாம்பும் வெந்நீரும் வெச்சு அதைக் கழுவி எடுக்கறதுக்குள்ள பாதி காலை போயிடும். தலைக்கறிக்கு ஏற்கெனவே ஆள் சொல்லியாச்சு. 9 மணிக்குக் கொக்கி காலி. எதுவும் மிஞ்சலை. ‘போன்லெஸ்’ ஆர்டர் பண்ற ஆப்புல இந்தப் பேர் எதுவும் எனக்குக் கண்ணுல பட்டதில்லை.

எங்க ஊர் செய்யாறு பக்கம். அங்க தீபாவளிக்குக் கடைக்குப் போக மாட்டாங்க. ஏழெட்டு வீடு சேர்ந்து ஒரு ஆடு பிடிப்பாங்க. கறியை வெட்டி, வாழை இலையில கூறு போடுவாங்க. இங்கதான் விஷயமே. ஒருத்தருக்குத் தொடை, ஒருத்தருக்குக் கழுத்துன்னு பிரிக்க மாட்டாங்க. ஒவ்வொரு கூறுலயும் தொடை ரெண்டு துண்டு, நெஞ்செலும்பு ரெண்டு, கழுத்து ஒண்ணு, ஈரல் விரல் அளவு, கொழுப்பு கொஞ்சம். ஈரல் சிறுசாப் போச்சுன்னு தோணினா, இந்தக் கூறுலயிருந்து எடுத்து அதுல போட்டு, அதுலயிருந்து எடுத்து இதுல போட்டு... தராசே வேணாம், கண்தான் தராசு. அதுக்கப்புறமும் சந்தேகம் இருக்கக் கூடாதுன்னு ஒரு பொடியனைக் கூப்பிட்டு, கூறுக்கு முதுகைக் காட்டி நிக்க வைப்பாங்க. பெரியவர் ஒரு கூறுமேல கையை வெச்சு, “இது யாருக்கு?”ம்பார். பொடியன் ஏதோ ஒரு வீட்டுப் பேரைச் சொல்லுவான். அப்பீலே கிடையாது. மூணு வருஷம் அந்தப் பொடியன் நான்தான்.

ஸ்டேக் வேற வழி. ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு துண்டு, துண்டுக்கு ஒரு விலை. தப்புன்னு சொல்லலை, நானும் ஒரு நாள் சாப்பிடுவேன். ஆனா செப்பேட்டுல தண்ணிக்கும் பாரதத்துக்கும் ஒரே பங்கு எழுதினதைப் பார்த்துட்டு வந்த எனக்கு, வாழை இலைக் கூறுதான் ஞாபகத்துல ஓடிச்சு.

கூடவே இன்னொண்ணும் உறைச்சது. வாசல்ல அவ்வளவு நியாயமா கூறு போட்டு வீட்டுக்குள்ள வர்ற கறி, அடுப்படி தாண்டினதும் என்ன ஆகுது? எங்க வீட்டுல நல்லி அப்பாவுக்கு. ஈரல் தம்பிக்கு, ‘வளர்ற புள்ளை’. தொடைக்கறி எனக்கு, ‘ஹாஸ்டல்ல காஞ்சு வருது’. எல்லாரும் எழுந்த பிறகு அம்மா உட்காருவாங்க. சட்டியில சோத்தைப் போட்டுப் பிரட்டி, மிச்ச எலும்போட. பொடியனை முதுகு காட்டி நிக்க வைக்கிற சிஸ்டம் எந்த வீட்டு அடுப்படியிலயும் கிடையாது. உங்க வீட்டுல நல்லி யாருக்கு?

காஞ்சிபுரத்திலிருந்தே போன் போட்டேன்.

“அம்மா, ஆட்டுல உனக்கு எந்த இடத்துக் கறி பிடிக்கும்?”

“ஏன்டா, என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“சும்மாதாம்மா. சொல்லு.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. குக்கர் விசில் மட்டும் கேட்டது.

“கழுத்து,” என்றார். “எங்கம்மா வீட்டுல இருந்தப்ப கழுத்துக்கறியை மட்டும் தனியா எடுத்து, மிளகு அரைச்சு ஊத்தி, சாறு மாதிரி வெச்சுக் கொடுப்பாங்க. எலும்பு இடுக்குல இருக்கிறதைக் கடிச்சு இழுக்கணும். அதை இங்க யாருடா சாப்பிடுவீங்க?”

பாய் கட்டையைக் கழுவ ஆரம்பிச்சிருந்தார். ஓரத்துல யாரும் கேட்காத ஒரு கழுத்து கிடந்தது. எலும்போட, முக்கால் கிலோ. செய்யாறு பஸ் 10 மணிக்கு.